காலாற நடக்க எந்த ஊர்: லிஸ்பனா, பொலோன்யாவா, கென்டா?

வெள்ளிக்கிழமை மாலை வேலை முடித்துக் கிளம்ப வேண்டும், ஞாயிறு இரவு வீடு திரும்ப வேண்டும். வாடகைக் கார் வேண்டாம், பட்டியல் போட்டுக்கொண்டு ஓட வேண்டாம். ஓர் ஊரைக் காலாற நடந்து பார்த்தால் போதும். எங்கே போகலாம்?

லண்டன், பாரிஸ் பக்கம் இருப்பவர்களும், ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ வேலைக்கும் படிப்புக்கும் வந்தவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்கும்போதே கையில் மூன்று நான்கு பெயர்களை வைத்திருப்பார்கள். அதில் எது என்பதுதான் குழப்பம். அடிக்கடி அடிபடும் பெயர்களில் மூன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: போர்ச்சுகலின் லிஸ்பன், இத்தாலியின் பொலோன்யா, பெல்ஜியத்தின் கென்ட். மூன்றும் ஷெங்கன் பகுதி. விசா தேவைப்படுபவர்களுக்கு 90 யூரோ கட்டணம் மூன்றுக்கும் பொது, அதனால் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

பாரிஸும் ரோமும் ஏன் இல்லை என்று கேட்கலாம். அங்கே நடக்க முடியாது என்றில்லை. எதையோ பார்க்காமல் விட்டுவிட்டோமே என்ற அரிப்பு நிம்மதியாக நடக்க விடாது, அவ்வளவுதான்.

எதை வைத்து முடிவு செய்வது

பார்க்க எத்தனை இடம் இருக்கிறது என்பதை நான் அளவுகோலாகவே எடுக்கவில்லை. இரண்டு நாளுக்கு மூன்று ஊரிலும் தாராளமாக இருக்கிறது. நடந்து பார்ப்பவருக்கு முக்கியம் வேறு.

முதலாவது தரை. மேடா சமமா, கல் பாவியதா, ஈரத்தில் வழுக்குமா? இரண்டாவது, வானம் மாறினால் என்ன செய்வது. கார் உள்ளவர் காருக்குள் ஏறிக்கொள்வார், நடப்பவருக்கு ஒதுங்க இடம் வேண்டும். மூன்றாவது, விமானமோ ரயிலோ இறங்கியதிலிருந்து அறைக் கதவு வரை ஆகும் நேரம். மொத்தமே 48 மணி நேரம்தான், அதில் ஆறு மணி நேரம் வழியிலேயே போனால் மிஞ்சுவது கொஞ்சம். நான்காவது ஞாயிற்றுக்கிழமை: அன்று எது திறந்திருக்கும்? ஐந்தாவது சாப்பாடு. சைவமா அசைவமா என்பதோடு, எத்தனை மணிக்கு அடுப்பை அணைக்கிறார்கள் என்பதும் சேர்த்தி. கடைசியாக, முன்பதிவின்போது கண்ணில் படாத செலவுகள்.

தங்கும் வரி மூன்று ஊரிலும் உண்டு. ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்கள், இணையத்தில் காட்டும் அறை வாடகையில் பல நேரம் அது சேர்ந்திருக்காது. லிஸ்பனில் 2024 செப்டம்பரிலிருந்து ஓர் இரவுக்கு 4 யூரோ, 13 வயது முதல் எல்லோருக்கும்.

லிஸ்பன்: அழகெல்லாம் மேட்டில்

போய்ச் சேருவதில் லிஸ்பன் பாதி நல்லது, பாதி கெட்டது. விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. மெட்ரோவின் சிவப்புப் பாதையில் ஏறி அலமேடாவில் பச்சைப் பாதைக்கு மாறினால் ஊர் நடுவில் இறங்கிவிடலாம். கட்டணம் சுமார் 2 யூரோ. ஆனால் ஐரோப்பாவின் மேற்கு ஓரம் என்பதால் விமானப் பயணமே நீளம், ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். போதாததற்கு ஜெர்மனி, பிரான்ஸைவிட அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. போகும்போது கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தை ஞாயிறு இரவு திருப்பிக் கொடுக்க வேண்டும். திங்கள் காலை எட்டு மணிக்கு வேலை என்றால் வலிக்கும்.

இனி தரை. 1755 நிலநடுக்கத்தில் இடிந்துபோன பைஷா பகுதியைக் கட்டம் போட்டதுபோல் நேர்த்தெருக்களாக மீண்டும் கட்டினார்கள். அது சமதரை. ஆனால் யாரும் பைஷாவுக்காக லிஸ்பன் போவதில்லை. நிலநடுக்கத்துக்குப் பெருமளவு தப்பிய அல்ஃபாமாவின் சந்துகளும் படிகளும், ஆற்றைப் பார்த்த மேட்டுத் திட்டுகளும்தான் மனதில் நிற்பவை. அவை எல்லாமே ஏற்றத்தில் இருக்கின்றன. நடைபாதை முழுக்கச் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கற்களைக் கையால் பதித்தது. காலங்காலமாகச் செருப்பு பட்டு வழவழப்பாகிவிட்ட கல். லேசாகத் தூறினாலே வழுக்கும், ஏறும்போதைவிட இறங்கும்போது அதிகமாக. தேய்ந்த அடிப்பகுதியுள்ள ஷூவோடு லிஸ்பனுக்குப் போகாதீர்கள்.

இதற்கு ஒரு வழி உண்டு: வண்டியில் ஏறி, காலால் இறங்குவது. 28-ஆம் எண் டிராமைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். வரிசை நீளம், உள்ளே நெரிசல், பிக்பாக்கெட் வேறு. ஒரு டாக்சி பிடித்து செனோரா டோ மோன்ட்டி மேட்டில் இறங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து கிராசா, சனிக்கிழமைகளில் கூடும் ஃபெய்ரா டா லாட்ரா என்ற பழம்பொருள் சந்தை, சாவ் விசென்டி தேவாலயம், போர்ட்டாஸ் டோ சோல், பிறகு அல்ஃபாமா வழியே ஆற்றங்கரை. பெரும்பாலும் இறக்கம்தான். பைஷாவிலிருந்து ஷியாடுவுக்கு ஏற மெட்ரோ நிலையத்தின் நகரும் படிகளைப் பயன்படுத்தலாம், உள்ளூர்க்காரர்கள் செய்வது அதைத்தான். பழைய இழுவை ரயில்களை நம்பித் திட்டம் போட வேண்டாம். 2025 செப்டம்பரில் குளோரியா இழுவை ரயில் தடம் புரண்டு 16 பேர் இறந்தார்கள். போகும் வாரத்தில் எது ஓடுகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

நிலநடுக்கத்தில் கூரை இழந்து, அப்படியே விட்டுவைத்த கார்மோ மடாலயத்தைச் சனிக்கிழமையே பார்த்துவிடுங்கள், ஞாயிறு மூடியிருக்கும். ஞாயிறுக்கு பெலேம் பகுதி பொருத்தம். ஊர் நடுவிலிருந்து மேற்கே 6 கிலோமீட்டர், ஆற்றோரமாகச் சமதரை. ஒரு தகவல்: தமிழ் மொழியில் முதல் அச்சு நூல் வெளிவந்தது இந்த லிஸ்பனில்தான், 1554-இல், தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அச்சிட்டு, போர்த்துக்கீசியத்தோடு சேர்த்து.

மீன் சாப்பிடுபவர்களுக்கு மூன்றில் இதுதான் ஊர். சுட்ட மத்தி, கருவாடாக உப்பிட்ட காட் மீன், கணவாய் என்று போய்க்கொண்டே இருக்கலாம். சைவக்காரர்கள் சூப்பைக்கூடக் கேட்டுத்தான் வாங்க வேண்டும், கீரை சூப்பில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். உட்கார்ந்ததும் கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டி, ஆலிவ், சீஸ் எதுவும் இலவசமில்லை. வேண்டாம் என்றால் தொடாமல் திருப்பி அனுப்பலாம், அதற்குக் காசு வாங்க மாட்டார்கள்.

திங்களும் விடுப்பு எடுக்க முடிகிறவர்களுக்கு, முழங்கால் நன்றாக உள்ளவர்களுக்கு, பிப்ரவரியில் கொஞ்சம் வெயில் கண்டால் போதும் என்று இருப்பவர்களுக்கு லிஸ்பன் சரி. இரண்டே இரவுக்கு, அதுவும் பெரியவர்களை அழைத்துக்கொண்டு, நான் போகச் சொல்ல மாட்டேன்.

பொலோன்யா: கூரைக்குக் கீழே ஓர் ஊர்

இந்த ஊரின் விஷயமே அதன் போர்ட்டிகோக்கள். வீடுகளின் முன்பக்கம் தூண்களின் மேல் நீண்டு, கீழே தெருவோரம் முழுக்கக் கூரையுள்ள நடைபாதை. ராமேஸ்வரம் கோயில் பிராகாரத்தை எடுத்து ஊர்த் தெருக்களின் ஓரமெல்லாம் விரித்துவிட்டால் எப்படியிருக்குமோ அப்படி. மொத்த நீளம் 62 கிலோமீட்டர், 2021-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள்.

இது அழகுக்காக வந்ததல்ல. 1088-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகத்துக்கு மாணவர்கள் குவிந்தார்கள், ஊருக்குள் இடம் போதவில்லை. மாடி அறைகளைத் தெருப்பக்கம் நீட்டிக் கட்டி, கீழே மரத்தூண் கொடுத்தார்கள். 1288-இல் நகராட்சி அதையே சட்டமாக்கிவிட்டது: புது வீடு கட்டினால் போர்ட்டிகோ இருக்க வேண்டும், இல்லாத வீட்டுக்காரர் சேர்த்துக் கட்ட வேண்டும். தனியார் கட்டடம்தான், ஆனால் கீழே யாரும் நடக்கலாம். அந்த மரத்தூண் காலத்து வீடு ஒன்று, இசோலானி மாளிகை, ஸ்ட்ராடா மஜ்ஜோரே தெருவில் இன்னும் நிற்கிறது.

நடப்பவருக்கு இதில் கிடைப்பது என்ன? மழை பெய்தால் திட்டம் மாறாது. ஜூலை வெயிலிலும் நிழல். தரை சமம், பெரும்பாலும் வழவழவென்று ஓடு பாவியது, குழந்தை வண்டி தள்ளலாம், சக்கரப் பெட்டியை இழுக்கலாம். ஊர் நடுவே ரிஸ்ஸோலி, உகோ பாஸி, இண்டிபெண்டென்ஸா என்று டி வடிவில் சேரும் மூன்று பெரிய சாலைகளை சனி, ஞாயிறில் வண்டிகளுக்கு மூடிவிடுவது அங்கே வழக்கம். வார இறுதிக்காகவே அமைந்ததுபோல் இருக்கும். டிராம் பாதை போடும் வேலை 2023-இலிருந்து நடப்பதால் சில தெருக்களில் தடுப்பு வைத்திருக்கலாம், அதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எதிர்பார்த்துப் போய் ஏமாறக்கூடிய இடம் இரட்டைக் கோபுரம். 97 மீட்டர் உயர அசினெல்லியில் 498 படி ஏறி ஊரைப் பார்ப்பது ஒரு காலத்தில் கட்டாயம்போல் இருந்தது. பக்கத்துக் கோபுரமான கரிசெண்டாவின் சாய்வு கவலை தர, 2023 இலையுதிர் காலத்தில் இரண்டையும் சுற்றி அடைத்துவிட்டார்கள். மேலிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால் பியாட்சா மஜ்ஜோரே சதுக்கத்தின் மணிக்கூண்டு இருக்கிறது. அதே சதுக்கத்தின் சான் பெட்ரோனியோ தேவாலயத்துக்குள் தரையில் 67 மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு பதித்திருக்கும். 1655-இல் வானியலாளர் கஸ்ஸீனி போட்டது. கூரையில் உள்ள ஓட்டை வழியே விழும் சூரியப் புள்ளி நண்பகலில் அந்தக் கோட்டைக் கடக்கும். பியெல்லா தெருச் சன்னலில் கால்வாயைப் பார்க்க நிற்கும் வரிசையை மட்டும் தவிர்க்கலாம். பார்க்க ஒரு நிமிடம், நிற்க அரை மணி.

ஞாயிறு காலைக்கு சான் லூக்கா. ஊர் எல்லையிலுள்ள சரகோஸ்ஸா வாயிலிலிருந்து குன்றின் மேல் உள்ள மாதா கோயில் வரை 3.8 கிலோமீட்டர் தொடர்ந்து கூரைப் பாதை, 666 வளைவுகள். 1433 முதல் மாதா படத்தை வருடந்தோறும் ஊருக்குள் ஊர்வலமாகக் கொண்டுவருகிறார்கள், மழையில் நனையக் கூடாது என்று 1674-இல் கட்டத் தொடங்கியது இது. முதல் பாதி சமதரை, மெலோன்செல்லோ வளைவுக்குப் பிறகு நல்ல ஏற்றம். ஏற முடியாதவர்கள் சதுக்கத்திலிருந்து கிளம்பும் சுற்றுலாக் குட்டி ரயிலில் மேலே போய், நடந்து இறங்கலாம்.

செலவுப் பக்கம் வருவோம். விமான நிலையத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு ஒற்றைத் தண்டவாள ரயில் 7 நிமிடத்தில் போகிறது. ஆனால் ஆளுக்கு 12 யூரோவுக்கு மேல், ஒரு வழிக்கு. நாலு பேர் என்றால் டாக்சியே மலிவு. மாட்டிக்கொள்ள வைக்கும் பெரிய கண்ணி, வணிகக் கண்காட்சிகள். மார்ச்சில் அழகுப் பொருள் கண்காட்சி, வசந்தத்தில் குழந்தை நூல் கண்காட்சி, செப்டம்பரில் ஓடுகள் கண்காட்சி என்று அடுத்தடுத்து நடக்கும். அந்த வாரங்களில் அறை வாடகை தாறுமாறாக ஏறும். விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்ததே என்று அதை முதலில் வாங்கிவிட்டு, அப்புறம் அறை தேடினால் மாட்டிக்கொள்வீர்கள். ஆகஸ்ட் நடுவில் ஊர்க்காரர்களே கடையைப் பூட்டிக்கொண்டு கடலுக்குப் போய்விடுவார்கள்.

சாப்பாட்டில் நேரம்தான் சிக்கல். நம் ஆட்கள் மூன்று மணிக்குச் சாவகாசமாக மதிய உணவு தேடுவார்கள். அங்கே இரண்டரைக்கு அடுப்பை அணைத்தால் மறுபடி இரவு ஏழரைக்குத்தான். சைவர்களுக்கு ஒரு பெயர்க் கணக்கு: சின்னதாக இருக்கும் டோர்ட்டெல்லினிக்குள் பன்றி இறைச்சி, பெரிதாக இருக்கும் டோர்ட்டெல்லோனிக்குள் வழக்கமாக ரிக்கோட்டா சீஸ். வெண்ணெயும் சேஜ் இலையும் போட்ட டோர்ட்டெல்லோனி கேளுங்கள். பர்மேசான் சீஸில், பாலைத் திரிய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் உண்டு, அதையும் தவிர்ப்பவர்களுக்குத் தேர்வு சுருங்கும். பில்லில் வரும் கோபெர்ட்டோ என்பது உட்கார்ந்ததற்கான கட்டணம், ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ. ஏமாற்று அல்ல.

கென்ட்: ரயிலில் போய் இறங்கலாம்

லண்டனிலிருந்து புருசெல்ஸ் ரயிலில் 2 மணி நேரம், பாரிஸிலிருந்து ஒன்றரைக்கும் குறைவு. அங்கிருந்து கென்டுக்கு அரை மணி. வெள்ளி இரவே அறையில் இருக்கலாம், மூன்று ஊரிலும் இதுதான் நேரம் மிச்சம் செய்யும். விமானத்தில் வருபவர்களுக்கு அந்த வசதி இல்லை. புருசெல்ஸ் விமான நிலைய ரயிலில் டிக்கெட்டோடு 'டயாபோலோ' என்ற தனிக் கட்டணம் 6 யூரோவுக்கு மேல் சேரும். மலிவு விமானங்கள் இறங்கும் ஷார்லெருவா, பெயரில்தான் புருசெல்ஸ். ஊரைவிட்டு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது.

கென்ட் நடுப்பகுதி சிறியது. நடுவிலுள்ள கோரன்மார்க்ட் சதுக்கத்தில் நின்றால் எல்லாமே கால்மணி நடைக்குள். 2017-இல் ஊரைப் பல பிரிவுகளாகப் பிரித்து, ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்குக் கார் ஊடே போக முடியாதபடி செய்தார்கள், சுற்றுச்சாலைக்குப் போய்த்தான் வர வேண்டும். அதனால் நடுவில் கார் அரிது. சைக்கிள் ஏராளம், சத்தமில்லாமல் பின்னால் வரும். கருங்கல் பாவிய தெருக்கள் குழந்தை வண்டியைக் குலுக்கும், டிராம் தண்டவாளத்தில் சின்னச் சக்கரம் மாட்டும். ஏற்றம் மட்டும் கிடையாது.

மழை எந்த மாதத்திலும் வரும், பொலோன்யாபோல் கூரை இல்லை. ஒதுங்க நல்ல இடம் சின்ட் பாவோ பேராலயம். 1432-இல் முடிந்த வான் ஐக் சகோதரர்களின் பலிபீட ஓவியம் அங்கே இருக்கிறது. அதன் ஒரு பலகை 1934-இல் திருடு போய் இன்னும் கிடைக்கவில்லை, அந்த இடத்தில் நகல்தான். நேரம் குறித்த டிக்கெட் முன்பே எடுக்க வேண்டும், ஞாயிறு பிற்பகலில்தான் பார்வையாளர்களை விடுவார்கள்.

இரவில் கென்ட் இன்னும் நல்ல ஊர். விளக்குகளை ஊர் முழுக்கத் திட்டமிட்டு அமைத்திருக்கிறார்கள். சின்ட் மைக்கேல் பாலத்தில் நின்று ஊரின் மூன்று பழைய கோபுரங்களையும் பார்த்துவிட்டு, கிராஸ்லேய் கரையோரமாக நடந்து சின்ட் வேர்லே சதுக்கத்துக்குப் போங்கள். ஊர் மருத்துவமனைகளில் குழந்தை பிறந்தால் அந்தச் சதுக்கத்து விளக்குகள் மெல்லக் கூடி ஒளிரும்படி ஒரு கலைஞர் செய்து வைத்திருக்கிறார்.

சைவர்களுக்கு மூன்றில் இதுதான் முதலிடம். 2009-இலிருந்து வியாழக்கிழமையை சைவ நாளாக நகராட்சியே முன்னெடுத்தது. அந்தப் பழக்கத்தில் மற்ற நாளிலும் பெரும்பாலான உணவகங்களில் உருப்படியான சைவச் சாப்பாடு கிடைக்கிறது. ஆனால் குடிக்கத் தண்ணீர் கேட்டால் பாட்டில்தான் வரும், விலையோடு. ஞாயிறு கடைகள் பெரும்பாலும் மூடல். கவ்ட்டர் சதுக்கத்தின் பூச்சந்தை மட்டும் காலையில் இருக்கும்.

ஒரே பார்வையில்

| | லிஸ்பன் | பொலோன்யா | கென்ட் |
|---|---|---|---|
| தரை | ஏற்ற இறக்கம், வழுக்கும் கல் | சமதரை, ஓடு பாவியது | சமதரை, கருங்கல் |
| மழை வந்தால் | நடை நின்றுவிடும் | ஒன்றும் மாறாது | நனைய வேண்டும் |
| அறை வரை | நீண்ட விமானம், மலிவு மெட்ரோ | 7 நிமிட ரயில், விலை அதிகம் | ரயிலில் வருவோருக்கு எளிது |
| ஞாயிறு | பெலேம் பக்கம் | காரில்லாச் சாலைகள், சான் லூக்கா | கடைகள் மூடல் |
| சைவம் | கடினம் | கேட்டு வாங்கினால் சரி | எளிது |
| மறை செலவு | மேசைக்கு வரும் தின்பண்டம், டாக்சி | கண்காட்சி வார வாடகை | டயாபோலோ, தண்ணீர் பாட்டில் |

யாருக்கு எது

பெரியவர்களோ கைக்குழந்தையோ உடன் இருந்தால் பொலோன்யா, யோசிக்க வேண்டியதில்லை. யாராவது களைத்துவிட்டால் அவரைச் சதுக்கத்தில் காபியோடு உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் நடக்கலாம், அறையும் பக்கத்தில் இருக்கும். நண்பர்கள் கூட்டமாக, மீனும் இரவு நேர இசையும் வேண்டும், படி ஏற அலுப்பில்லை என்றால் லிஸ்பன். விமானமே வேண்டாம் என்பவர்களுக்கும் தனியாகப் போகிறவர்களுக்கும் கென்ட். கென்டில் ஒரே நாளில் ஊர் முடிந்துவிடுகிறதே என்று சிலர் குறை சொல்வார்கள், ஞாயிறு காலை ரயிலேறி பக்கத்து புரூஜுக்குப் போய்விடுவார்கள். அதே தெருவில் இரண்டாவது முறை நடக்கச் சலிப்பவர்கள் கென்டைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே நல்லது.

பொலோன்யாவுக்கும் கென்டுக்கும் நடுவே இன்னும் தடுமாறினால் மாதத்தைப் பாருங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை பொலோன்யா. அப்போது கென்டில் ஐந்து மணிக்குள் இருட்டிவிடும் வாரங்கள் உண்டு, மழையும் குளிரும் சேர்ந்துகொள்ளும். ஜூனில் கென்ட், இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், பொலோன்யாவோ அப்போதே புழுங்கத் தொடங்கியிருக்கும். ஜூலை நடுவில் மட்டும் தேதியைச் சரிபார்த்துவிட்டு அறை எடுங்கள். கென்ட் திருவிழா பத்து நாள் நடக்கும், அந்தக் கூட்டத்தில் காலாற நடப்பது நடக்காத காரியம்.